வத்சலாவின் குப்பைக்கீரை

பேர்லினுக்கு வந்த தமிழரில் சட்டி கழுவினவன் இருக்கிறான், படிக்கட்டு துடைத்தவன் இருக்கிறான், வேலை செய்ய விடாததால் குந்தியிருந்தவன் இருக்கிறான். களை எண்ணுகிறதே வேலையாக வந்து இறங்கினது ஒரே ஒரு ஆள்தான். அதுதான் வத்சலா.

மன்னார்குடிப் பிள்ளை. தகப்பன் தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவர். திருச்சியில் படித்து, சென்னையில் மேலே படித்து, எண்பத்து மூன்று ஐப்பசியில் உதவித்தொகை ஒன்றோடு மேற்கு பேர்லினுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது வயது இருபத்தெட்டு. பெட்டியில் மூன்று சேலை, ஒரு இட்லித்தட்டு, ஒரு பூதக்கண்ணாடி. சேலை மூன்றும் பூச்சியுருண்டை மணக்கப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. இட்லித்தட்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே வந்தது. பூதக்கண்ணாடி மட்டும் நாள் தவறாமல் வேலை செய்தது.

கண்ணாடி வீட்டுக்குள் பெரிய பெரிய மரங்களைப் படிக்கப் போகிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்குப் பொறுப்பான பேராசிரியர் ஹோல்ட்காம்ப் ஒரு நெட்டை மனிதர், மழைக்கோட்டைக் கழற்றாத மனிதர். முதல் கிழமையே அவளை நொய்கெல்ன் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பாதி கைவிட்டுப்போன சரக்கு ரயில் முற்றம் ஒன்றில் நிறுத்தினார். துருப்பிடித்த தண்டவாளம், உடைந்த செங்கல், அதுக்கு அங்காலே வாய்க்கால், வாய்க்காலுக்கு அங்காலே மதில்.

"இதுதான் உங்களுடைய காடு" என்றார்.

அந்த மனிதர் பகிடி விடவில்லை. மேற்கு பேர்லினைச் சுற்றி மதில் கட்டினபிறகு அங்கத்தைய தாவரக்காரருக்கு நினைத்தபடி வயலுக்கும் காட்டுக்கும் போக வழியில்லை. அதனால் நகரத்துக்குள்ளே குண்டு விழுந்த வளவுகளிலும் ரயில் பாதையோரத்திலும் முளைக்கிற களையையே காடாக நினைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ரயில் வண்டியில் பஞ்சுப் பொதியோடும் குருவித் தீனியோடும் உலகத்து விதையெல்லாம் வந்து அந்த முற்றத்தில் கொட்டுண்டு கிடந்தது. எது வந்தது, எது நிலைத்தது, எது செத்தது என்று எண்ணி எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

வத்சலா ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் கட்டம் போட்டாள். நாலு மூலையிலும் குச்சி, சுற்றிவர வெள்ளைக் கயிறு. அப்படிப் பன்னிரண்டு கட்டம். புதன்கிழமை தோறும் றப்பர் சப்பாத்தும் ஆம்பிளைச் சட்டையுமாய் முழங்காலில் நின்று எண்ணினாள். முழங்கால் நோக, பழைய பஞ்சு மெத்தை ஒன்றை வெட்டிக் காற்சட்டையில் வைத்துத் தைத்தாள்.

என்ன படிக்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்டார்கள். ஒருமுறை உண்மையை எழுதிவிட்டாள். மாமா பதில் போட்டார்: "களை பறிக்க ஜெர்மனி வரைக்கும் போகணுமா? நம்ம வயலுக்கே ஆள் கிடைக்காம திண்டாடுறோம். அடுத்த ப்ளேன்ல ஏறி வந்துடு." அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவள் களை என்ற சொல்லை வாயில் எடுக்கிறதில்லை. யார் கேட்டாலும் "பாட்டனி ரிசர்ச்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள்.

எண்பத்து நாலு ஆடியில் ஒரு நாள், இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே அவள் அந்தச் செடியைக் கண்டாள். நுனியில் சின்ன வெட்டு விழுந்த இலை, பச்சைக் கதிர். மன்னார்குடியில் சாக்கடை ஓரத்தில், பள்ளிக்கூடச் சுவரோரத்தில், எங்கே பார்த்தாலும் நிற்கிற குப்பைக்கீரை.

"அட, நீயா!" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். தூரத்தில் நின்ற ரயில்வேக்காரன் தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டினான்.

பேராசிரியருக்கும் சந்தோஷம். ஆனால் அவர் ஒரு கேள்வியைப் போட்டார். இந்தச் செடி ஒவ்வொரு கோடையும் வண்டியில் புது விதையாய் வந்து விழுந்து முளைக்கிறதா, இல்லை இங்கேயே விதை முற்றி, அந்த விதை முளைத்து, இந்த ஊர்ச் செடியாகவே ஆகிவிட்டதா? விருந்தாளியா, குடியிருக்கிற ஆளா? பேர்லினில் முற்றின விதையைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும், அதை முளைக்க வைத்தும் காட்டவேண்டும். காட்டினால் வத்சலாவின் ஆராய்ச்சிக்கு அதுதான் உயிர் அத்தியாயம். காட்டாவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியல்தான்.

எண்பத்து நாலில் விதை முற்ற முன்னமே பனி விழுந்து எல்லாம் கறுத்துப்போயிற்று. எண்பத்தைந்தில் பூத்து வருகிற நேரம் பாதை துப்புரவாக்குகிற ஆட்கள் வந்து அவளுடைய கட்டங்களை வழித்துவிட்டுப் போனார்கள். மிச்சம் எண்பத்தாறு. உதவித்தொகை மார்கழியோடு சரி. இந்த முறை விதை கிடைத்தால் இன்னொரு வருடத்துக்குக் கேட்டு எழுதுகிறேன், கிடைக்காவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது என்று பேராசிரியர் நேரடியாகச் சொல்லிவிட்டார். வெறுங்கையோடு மன்னார்குடிக்குப் போனால் மாமா வயலில் இறக்கிவிடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்த வருடம் வைகாசியில்தான் சிவமலரைச் சந்தித்தாள். சந்தித்தது பஸ்ஸில்.

செடியைக் காயவைக்கப் பேப்பருக்குள் வைத்து அமத்தவேண்டும். வத்சலா அமத்துகிறது தாய் அனுப்புகிற பார்சலில் சுற்றிவந்த தமிழ்ப் பேப்பரில். அன்றைக்கு மடியில் ஒரு கட்டு. மேல் தாளைத் திறந்து செடியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மனுசி, நாற்பது நாற்பத்திரண்டு வயது வரும், தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. உந்தப் புல்லைக் கொஞ்சம் தள்ளுவீங்களோ? கீழ என்ன எழுதியிருக்கெண்டு தெரியேல்லை."

வத்சலா திடுக்கிட்டுச் செடியைத் தூக்கினாள். மனுசி எழுத்துக்கூட்டாமல் விறுவிறென்று வாசித்தாள்.

"கும்பகோணத்தில வெத்திலை விலை ஏறிப்போச்சாம்."

"அது போன வருஷத்து பேப்பர் அக்கா."

"பழசு நல்லது பிள்ளை. எங்கட ஊரில இருந்து புதுசா வாற செய்தியெல்லாம் வாசிக்கக்கூடிய மாதிரியோ இருக்கு? அடுத்த தாளைத் திருப்புங்கோ."

வெற்றிலையில் தொடங்கி, மணமகள் தேவை வரைக்கும் வாசித்து முடிக்க இருவருமே இறங்கவேண்டிய இடம் தாண்டி மூன்று தரிப்பு போய்விட்டது.

சிவமலர் சாவகச்சேரி ஆள். அங்கே சந்தைக்குக் கீரை போட்டவள். எண்பத்தைந்து ஆனியில் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கி, கிழக்கிலிருந்து ரயிலேறி மேற்குக்கு வந்து அகதியாய்ப் பதிந்தவள். நொய்கெல்னில் அகதிகளை வைத்திருந்த மூன்று மாடி ஹைம் ஒன்றில் இருந்தாள். வேலை செய்யக்கூடாது என்று அவளுடைய தாளில் முத்திரை குத்தியிருந்தது. வேலை செய்து பழகின கையைத் தாளால் கட்டிவைக்க ஏலுமோ? மாடி முழுக்க அவள்தான் கூட்டினாள், அவள்தான் சமைத்தாள்.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வத்சலாவுக்கு ஹைமில்தான். முதல்நாள் போனபோது குசினியில் ஒரு பெரியவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெயர் நவரத்தினம். ஊரில் இருபது வருடம் பஸ் ஓட்டினவர்.

"வணக்கம் சார்" என்றாள் வத்சலா.

"சாரோ? கேட்டியே சிவமலர், இந்தக் கட்டடத்தில என்னை மனுசனாய் மதிச்ச முதல் ஆள். இவவுக்கு அப்பளம் ரெண்டு கூடப் பொரி."

"அண்ணைக்கு ஆரும் மரியாதை குடுத்திடக்கூடாது, உடனே என்ர அப்பளத்தில தானம் செய்வார்" என்றாள் சிவமலர்.

ஆவணி பிறக்கச் சாப்பாட்டில் ஒரு கீரை வறை சேர்ந்தது. பொடிப்பொடியாய் அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறுத்தது. வத்சலா பிளேட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, பிரமாதம்! இந்த ஊர்ல இப்படிக் கீரையா? எங்க வாங்கினீங்க?"

சிவமலர் நவரத்தினத்தைப் பார்த்தாள். நவரத்தினம் வெங்காயத்தைப் பார்த்தார்.

"துருக்கிக் கடையில" என்றாள் சிவமலர்.

செடியைக் கண்டால் இலத்தீனில் பெயர் சொல்லுகிற ஆள்தான் வத்சலா. ஆனால் வறையாய் வந்துவிட்டால் அவளும் இன்னொரு கரண்டி கேட்கிற ஆள்தான். பசளி மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

புரட்டாதியில் செடிகள் நன்றாகக் கதிர் விட்டன. மூன்று கட்டத்தில் நாற்பத்தாறு செடி. இன்னும் பத்து நாள் வெயில் நின்றால் விதை கறுத்துவிடும். வெள்ளிக்கிழமை தானே வந்து பார்க்கிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். புதன்கிழமை காலமை வத்சலா கம்பிவேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்து, வாயைக் குவித்துச் சீக்காயடித்துக்கொண்டு போனாள்.

முதலில் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கட்டம் மூன்றும் துப்புரவாய் இருந்தன. அதுதான் பயமாய் இருந்தது. புல், முட்செடி, மஞ்சள் பூ, அந்தக் கோடை முழுக்க அவள் ஒவ்வொன்றாய் எண்ணி எழுதின அவ்வளவும் வேரோடு பிடுங்கி மூலையில் குவிந்து கிடந்தன. மண் கொத்திவிட்டது போல் இளகி, ஈரமாய் இருந்தது. குப்பைக்கீரை மட்டும் நின்றது. ஆனால் ஒன்றிலும் தலை இல்லை. கதிர் எல்லாம் போய்விட்டது.

அழுகிறதுக்கு முதல் எண்ணினாள். பழக்கம் அப்படி. நாற்பத்தாறும் நின்றன. நாற்பத்தாறும் மொட்டை.

பூதக்கண்ணாடியை எடுத்து வெட்டுவாயைப் பார்த்தாள். முயல் என்றால் சரிவாய்க் கடிக்கும். கத்தி என்றால் வெட்டு வழுவழுவென்று இருக்கும். இது நகம். கீழே இரண்டு கணு விட்டு, மறுபடி துளிர்க்கிற மாதிரி அளவறிந்து கிள்ளின நகம். எந்த ஜெர்மன்காரன் கீரையை நகத்தால் கிள்ளுவான்?

போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மூன்று கரண்டி. வத்சலா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தண்டவாளத்திலேயே குந்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு பால் பெட்டி வந்தது, அதுக்குப் பின்னால் ஒரு கை வந்தது, கடைசியாய்ச் சிவமலர் முழுதாய் வந்தாள்.

"உது ஆர், வத்சலாப் பிள்ளையோ? இஞ்சை என்ன செய்யிறீர்? ஆரும் கண்டால் பொலிசுக்கெல்லோ சொல்லுவினம்!"

"நீங்க இங்க என்ன அக்கா பண்றீங்க?"

பிடிபட்டபிறகு மறைத்து என்ன? சிவமலர் பால் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி ஊத்த வந்தனான். துருக்கிக் கடை எண்டு சொன்னது பொய், பிள்ளை. இது ரயில்காரன்ர காணி, பிடிபட்டால் அகதி மனுவுக்கு, அந்த அன்ராக்குக்கு வில்லங்கம், வாயைத் திறக்காதை எண்டு நவரத்தினம் அண்ணைதான் சொன்னவர். முந்தி நான் அங்கால பின்பக்கம்தான் கிள்ளுறது. போன வியாழக்கிழமைதான் இதைக் கண்டனான். ஆரோ ஒரு சோம்பேறி பாத்தி கட்டி, வடிவாய்க் கயிறும் கட்டிப்போட்டுத் திரும்பியும் பாக்கேல்லை. புல்லு மண்டிக் கிடந்துது. தண்ணி எண்டு ஒரு சொட்டு இல்லை. பாவமெண்டு நான்தான் புல்லைப் பிடுங்கிப்போட்டு..."

"அந்தச் சோம்பேறி நான்தான் அக்கா."

சிவமலர் கயிற்றைப் பார்த்தாள். வத்சலாவின் முழங்காலில் தைத்திருந்த மெத்தையைப் பார்த்தாள். கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தாள்.

வத்சலா முழுவதையும் சொன்னாள். மாமாவின் கடிதத்துக்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லாத களைக் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை பேராசிரியர் வருகிறதையும், மார்கழியோடு தன் கணக்கு முடிகிறதையும் சொன்னாள்.

"நீர் ரோசாப்பூப் படிக்கிறீர் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்! களையை எண்ணுறதோ? எண்ணி?"

"எண்ணி எழுதுவேன்."

"அதுக்குப் பட்டம் குடுக்கிறாங்களோ?"

"விதை கிடைச்சா குடுப்பாங்க."

"ஐயோ, அப்ப நான் உம்மட பட்டத்தை எல்லோ வறை வறுத்துப்போட்டன்!" சிவமலர் தலையில் கையை வைத்தாள். பிறகு, அந்த நிலைமையிலும் நியாயத்தை விடாமல், "நீரும் மூண்டு தரம் போட்டுத்தானே சாப்பிட்டனீர்" என்றாள்.

வத்சலாவுக்கு அழுகை வந்த வழியிலேயே சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு விக்கல் பிடித்துவிட்டது. சிவமலர் பால் பெட்டித் தண்ணியைக் குடிக்கக் கொடுத்து முதுகில் தட்டினாள். தட்டின கை நடுவில் நின்றது.

"பிள்ளை, உமக்கு வேணுமெண்டது விதைதானே?"

"ஆமா."

"அதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? விதைக்கு விடாமல் கீரை கிள்ளுற வம்சமோ நான்? எழும்பும், வாரும்."

ஹைமுக்குப் பின்னால் நிலக்கரி கொட்டுகிற முற்றம். வெந்நீர் அடுப்பு எரிகிற அறையின் சுவர் எப்போதும் இளஞ்சூடாய் இருக்கும். அந்தச் சுவரோடு மூன்று முழ நீளத்தில் ஒரு பாத்தி. பாத்தியின் கோடியில் இடுப்பளவு உயரத்தில் மூன்று குப்பைக்கீரை. தண்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. நல்ல செடியாய்ப் பார்த்து நூல் கட்டிவிட்டால் அது விதைக்கு விட்டது, ஒருவரும் கை வைக்கக்கூடாது. சாவகச்சேரியில் கீரை போடுகிறவர் வீட்டுச் சட்டம் அது. ஹைமில் அந்த நூலை மீறிக் கிள்ளப்போன நவரத்தினம் அகப்பைக்காம்பால் அடி வாங்கியிருக்கிறார்.

சிவமலர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். உமி பறந்தது. கறுப்பாய், மினுமினுவென்று விதை மிஞ்சியது.

வத்சலா அதைப் பார்த்துப் பூரித்த அடுத்த நிமிடமே பயந்தாள். "அக்கா, இது நீங்க ஊர்லேர்ந்து கொண்டுவந்த விதையா?" அப்படியென்றால் அது சாவகச்சேரிக் கீரை. ஒன்றுக்கும் உதவாது.

"ஊரிலயிருந்தோ? ஷோனெஃபெல்டில இறங்கேக்குள்ள என்னட்டை இருந்தது ஒரு கைப்பையும் ஒரு சீலையும். உயிரைக் கொண்டு ஓடிவாற ஆள் கீரை விதையோ கட்டிக்கொண்டு வரும்? இது போன வருசம் உந்த ரயில் முத்தத்தில, பின்பக்கம் எடுத்தது."

"போன வருஷமா? எப்போ? என்ன தேதி?"

"அதெப்படி மறக்கும்? எனக்கு விசாரணை நடந்த அண்டைக்கு. ஆறு மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டவங்கள். வெளியில வர மண்டை விறைச்சுப்போச்சு. நேரா இஞ்சை வந்து, நவரத்தினம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாய் நடந்தன். அங்க பின்பக்கம் ரெண்டு கீரைச்செடி முத்திப்போய் நிண்டுது. உருவினன். போட்டுக்கொள்ள ஒண்டுமில்லை. கையில அவங்கள் அனுப்பின கடிதம்தான் இருந்துது."

"அந்தக் கடிதம்?"

இந்தக் கேள்விக்கு நவரத்தினம் குசினி யன்னலால் தலையை நீட்டிப் பதில் சொன்னார். "பிள்ளை, இந்த ஹைமில ஆள் சாப்பிடாமல் இருக்கும், குளிக்காமல் இருக்கும். ஜெர்மன் கடிதத்தை மட்டும் எறியாது. எந்தக் கடிதம் எப்ப உயிரைக் காக்கும் எண்டு எங்களுக்கென்ன தெரியும்? சவுக்காரம் விளம்பரம் வந்தாலும் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறம்."

சிவமலர் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை இழுத்தாள். முப்பது நாற்பது கடிதம். நடுவில் ஒன்று மட்டும் வாய் மடித்துத் தைத்திருந்தது. அரசாங்க உறை. உள்ளே கடிதம்: 1985 ஒக்டோபர் 17, காலை எட்டு மணிக்கு விசாரணை ரெர்மின், தவறாமல் வரவும். கடிதத்தின் மடிப்புக்குள் ஒரு தேக்கரண்டி விதை.

எந்தச் செடியை எடுத்தாலும் எங்கே எடுத்தது, எந்த நாள் எடுத்தது, ஆர் எடுத்தது என்று எழுதி வைக்கவேண்டும் என்று வத்சலாவுக்கு மூன்று வருடமாய்ச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த உறையில் நாள் அச்சிலேயே இருந்தது. எடுத்த ஆளின் பெயரும் விலாசமும் மேலேயே இருந்தது. அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ரயில் முற்றத்துக்குப் போகவில்லை. ஹைம் குசினியில், கால் ஆடுகிற ஒரு கதிரையில், மழைக்கோட்டோடு வந்து இருந்தார். சிவமலர் நல்ல சீலை உடுத்து, எதிரில் கைகட்டி இருந்தாள். நடுவில் மொழிபெயர்க்க வத்சலா.

"பிறந்த திகதியில இருந்து சொல்லட்டோ?" என்று கேட்டாள் சிவமலர்.

"வேண்டாம் அக்கா. விதை எடுத்த இடத்தைக் கேக்கறார்."

"தண்டவாளத்தில இருந்து இருபத்திரண்டு அடி. மதில் பக்கம். செங்கல் கும்பிக்கு அங்கால."

"அன்னிக்கு வெதர் எப்படி இருந்ததுன்னு..."

"மழை தூறினது. விதை நனைஞ்சுபோகுமெண்டு சட்டைக்குள்ள வைச்சனான்."

"எவ்வளவு எடுத்தீங்க? எல்லாத்தையும் உறையிலயா வெச்சீங்க?"

"இல்லை. அரைவாசியை அண்டைக்கே கொண்டுவந்து பின்சுவரோரம் வீசினனான். இந்தக் குளிருக்கு எங்க முளைக்கப்போகுது எண்டு நினைச்சு மறந்தும்போனன். பாத்தால் சித்திரை முடிய, பனியெல்லாம் போக, தானாய் முளைச்சு நிக்குது! அதுக்குப் பிறகுதான் பாத்தியே கட்டினனான்."

இதை மொழிபெயர்த்ததும் பேராசிரியர் எழுதுகோலை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். குளிர்காலம் முழுக்க வெளியே கிடந்து முளைத்த விதை! நீங்கள் எடுத்ததை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

"ஓம். நவரத்தினம் அண்ணை வேலிக்கு வெளியில காவல் நிண்டவர்."

"என்னை ஏனடி இழுக்கிறாய்? நான் காவல் நிக்கேல்லை, காத்து வாங்கினனான் எண்டு சொல்லு பிள்ளை" என்று நவரத்தினம் பதறினார். வத்சலா அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினார்.

சிவமலர் வத்சலாவின் பக்கம் சரிந்து, "இந்த ஒபிசர் நல்ல மனுசன், பிள்ளை. ஒண்டை ஒரு தரம்தான் கேக்கிறார், சொன்னதை நம்பிறார்" என்றாள்.

பிறகு அவருக்குச் சோறும் வறையும் போட்டார்கள். சாப்பிடுவது தன் மாணவியின் ஆராய்ச்சி என்று தெரிந்தே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

உறைக்குள் இருந்ததில் இருபது விதையை எண்ணி, ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டில் போட்டு ஆய்வுகூடத்தில் சூடான இடத்தில் வைத்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. வத்சலா மணிக்கொருதரம் போய்த் தட்டை முறைத்துக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் காலமை பதின்மூன்று வெள்ளை வேர். அன்றைக்கு அவள் சேலை உடுத்தாள். றப்பர் சப்பாத்துக்கு மேலே சேலை.

சுவரோரத்து முளையைப் பற்றி மட்டும் பேராசிரியர் பிடிகொடுக்கவில்லை. வெந்நீர் அறைச் சுவர் சூடு, அது உண்மையான குளிரில்லை, இன்னொரு குளிர்காலம் வெட்டவெளியில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பார்க்கவேண்டும் என்றால் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இன்னொரு வருடம் உதவித்தொகை வேண்டும். அப்படித்தான் அவர் கடிதம் எழுதினார், அப்படித்தான் கிடைத்தது. பிறகு அது மூன்று வருடமாய் நீண்டு, எண்பத்தொன்பதில் வத்சலா பட்டம் எடுத்தது வேறு கதை. மாமாவுக்கு எழுதின கடிதத்தில் முதல் வரியே "களைதான் மாமா" என்றிருந்தது.

அந்த விதையில் வளர்ந்த சுவரோரத்துச் செடி ஒன்றைக் காயவைத்துத் தடித்த தாளில் ஒட்டி, அடியில் விதை எடுத்த விபரம் எழுதினார்கள். இடம் நொய்கெல்ன். நாள் ஒக்டோபர் 17. எடுத்தவர் சிவமலர். சிவமலர் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, பிஸ்கற் பெட்டியில் மற்றக் கடிதங்களோடு வைத்துக்கொண்டாள். அடுத்த ரெர்மினுக்குப் போனபோது அதையும் கோப்பில் செருகிக் கொடுத்தாள். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்டான். "நான் இஞ்சை விதை எடுத்ததுக்கு அத்தாட்சி" என்றாள். அவனுக்கு அதை எந்த இடத்தில் வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் எறியவுமில்லை. ஓட்டை குத்திக் கோப்பிலேயே போட்டான்.

எண்பத்தேழு வைகாசியில் வத்சலா புதுக் கட்டம் போட்டாள். புதுக் குச்சி, புதுக் கயிறு. இந்த முறை ஒரு பலகையும் நட்டாள். பார்க்க வந்த பேராசிரியர் குனிந்து பார்த்தார். ஒரு ஜெர்மன் எழுத்தும் இல்லை.

"என்ன எழுதியிருக்கிறது?"

"இங்கே கீரை பறிக்கக்கூடாது என்று."

"தமிழிலா? இதை வாசிக்க இங்கே யார் வருவார்கள்?"

"வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான் பறிப்பார்கள்" என்றாள் வத்சலா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த புதன்கிழமை அவள் எண்ண வந்தபோது கட்டத்தில் ஒரு இலை குறையவில்லை. பலகையில் மட்டும் அவளுடைய எழுத்துக்குக் கீழே, கரிக்கட்டியால், சாய்ந்த எழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: "பின்பக்கம் நிக்கிறதைக் கிள்ளலாம். நூல் கட்டினதைத் தொடாதேங்கோ."